ஒற்றை வரிசை

நாகமலை புதுக்கோட்டையில் டீக்கடை திறக்குமுன்
நால்வரும் வந்துவிட்டோம்.
ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.
ரெஜினா சுருட்டிய பதினாறு சப்பாத்தி,
மைதீன் கொண்டுவந்த வெள்ளரிப் பிஞ்சு.
சாந்தாராம் கொண்டுவந்தது
தன்னையும் ஒரு புதுத் தொப்பியையும்.

ஏறி முடித்ததும் பாதை இல்லை,
மலையின் முதுகெலும்பு மட்டும் இருந்தது.
ஆடு போன தடம். அதைத் தாண்டினால் கள்ளி.
இருவர் சேர்ந்து நடக்க இடம் தராத மலை.
முன்னால் மைதீன், அடுத்து ரெஜினா,
பிறகு சாந்தாராம், கடைசியில் நான்.
வரிசையை யாரும் தீர்மானிக்கவில்லை.
இரண்டு வருடமாய் நான் பார்க்க விரும்பாத முகத்துக்குப் பதில்
நாள் முழுக்க அவன் முதுகு.

வெயில் பின்னாலிருந்து எழுந்தது.
என் நிழலின் தலை
அவன் குதிகாலில் இடறிக்கொண்டே வந்தது.

வலப்பக்கம் சோழவந்தான் தென்னைகள்,
வைகை மணல், அதில் ஒரு கோடு தண்ணீர்.
இடப்பக்கம் தேனி ரோடு,
தீப்பெட்டி தீப்பெட்டியாய்ப் பல்கலைக்கழகம்,
விரிசல் விட்ட கண்மாய்.
இந்தப் பக்கத்து வானத்துக்கும்
அந்தப் பக்கத்து வானத்துக்கும்
ஏதோ பாகத் தகராறு.

பதினோரு மணிக்குக் காற்று பிடித்தது.
அவன் திரும்பாமலே பேசினான்.
"...அந்த ஜாமீன்..." கேட்டது.
"...பேங்க்காரன் உன் ஆபீசுக்கே..." கேட்டது.
பிறகு காற்று. பிறகு "...தூங்கலை..."
தூங்காதது அவனா, என்னைச் சொல்கிறானா?
"என்னடா?" என்று கத்தினேன்.
நின்றான். திரும்பவில்லை.
"பாறை வழுக்குதுன்னேன்."

பதினெட்டுத் தவணை,
மாதம் நாலாயிரத்து இருநூறு,
ஒரு ஜோடி வளையல் அடகுக் கடையில்.
இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம் வந்ததென்றால்
அதை வாயில் போட்டுக்கொள்ள
இந்தக் காற்றுக்கு என்ன அவ்வளவு பசி.

பாறை உண்மையிலேயே வழுக்கியது.
என் இடது ஷூ வாயைப் பிளந்தது,
விரல்களுக்குக் கீழே தொங்கியது நாக்கு.
நர்ஸ் பை என்று பெயர், ரெஜினாவிடம்
தெர்மாமீட்டர் இருந்தது, பிளாஸ்திரி இல்லை.
மைதீன் பள்ளி வேன் ஓட்டுகிறவன்,
"ஸ்டெப்னி இருக்கா?" என்றான்.
சாந்தாராம் ஒன்றும் சொல்லாமல்
தொப்பியின் நாடாவை உருவினான்,
என் காலை எடுத்துத் தன் முட்டியில் வைத்து
மூன்று சுற்று, இரண்டு முடிச்சு.
அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.
மூக்கு கருகியிருந்தது. தாடியில் புதிதாய் நரை.

அவன் எழுந்த நேரம்
நாடா இல்லாத தொப்பி கிளம்பிப் போனது,
யாரையும் கேட்காமல்
தென்னைகளைப் பார்க்க.
நால்வரும் சிரித்தோம். நானும்தான்.
கொஞ்ச தூரம் போனபின்
கோபத்தை எங்கே வைத்தேன் என்று
தேடி எடுத்துக்கொண்டேன்.

மேலக்கால் கணவாய்க்கு மேலே தண்ணீர் தீர்ந்தது.
விக்கிரமங்கலம் வரை போய்த்தான் ஆகணும் என்றான் மைதீன்.
"தொண்டை காஞ்ச வீரம் யாருக்குடா?"
ரெஜினா கேட்டபடியே இறங்கத் தொடங்கிவிட்டாள்.
வாழைத்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
தொட்டித் தண்ணீரில் தலையை முக்கினோம்.
தோப்புக்காரர் எங்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்,
"மேல என்னத்தத் தொலைச்சீங்க?" என்றார்.
"ஒரு தொப்பி" என்றான் சாந்தாராம்.

பஸ்ஸில் அவனும் நானும் ஒரே சீட்டில்,
வேறு இடம் காலியில்லை.
சட்டைப் பையில் கையை விட்டு
"நாலு அரசரடி" என்றான்.
கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்:
"லேடீஸுக்குக் காசு கிடையாதுண்ணே."
ஒருநாளாவது எனக்காக அவன்
எதையாவது கட்டியிருப்பான்.
அதற்கும் அரசாங்கம் விடவில்லை.

கொச்சடை வரை ஜன்னலைப் பார்த்தோம்,
அவன் அந்த ஜன்னல், நான் இந்த ஜன்னல்.
இப்போது காற்று குறுக்கே இல்லை,
முதுகும் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கியபின் தார் ரோட்டில்
என் கால்கள் கல்லைத் தேடின.

ராத்திரி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்.
பாவி, இறுக்கித்தான் போட்டிருந்தான்.
அப்படியே கழற்றிக் கதவோரம் வைத்தேன்.
அடுத்த தவணை ஐந்தாம் தேதி.